கயல்விழிக்கு, வக்கீலைப் பார்க்கும் முன்

மணவூர்,
புதன் இரவு.

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று ராத்திரி உன் அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் மஞ்சள் புடவையோடு நீ எடுத்துக்கொண்ட படத்தை வைத்து எவனோ உன் பெயரில் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு திறந்திருக்கிறான், கூடவே உன் போன் நம்பரையும் போட்டிருக்கிறான் என்றான். ராத்திரி பகல் பாராமல் போன் வருகிறது, பாதி நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்கில் வருகிறது என்று சொல்லும்போது அவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உன் மேல் துளிக்கூடத் தப்பு இல்லை, அம்மா. கோயிலில் படம் எடுத்ததற்கு யாராவது உன்னைக் குறை சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்பு.

சென்னையில் ஒரு வக்கீலை விளம்பரத்தில் பார்த்துப் பேசினாயாமே. ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தால் மூன்றே நாளில் ஆளைப் பிடித்து, ஜாமீனே இல்லாமல் உள்ளே வைப்பதாகச் சொன்னாராமே. பணத்தை அனுப்பாதே. நான் வக்கீல் இல்லை. ஆனால் திருத்தணி கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டு சுமந்தவன். ஒரு வக்கீல் முதல் நாளில் கட்சிக்காரரிடம் என்ன கேட்கிறார் என்பதை வைத்தே அந்தக் கேஸ் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜாமீன் விஷயத்தையே எடுத்துக்கொள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது 66சி, கம்ப்யூட்டர், போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி, ஆபாசமானதைப் பரப்புவது 67. மூன்றிலும் முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரைதான் தண்டனை. மூன்று வருஷத் தண்டனைக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது என்று அதே சட்டத்தின் 77பி சொல்கிறது. அப்படியிருக்க, ஜாமீன் கிடைக்காது என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை, அல்லது உன் கோபத்தை விலை பேசுகிறார். விளம்பரம் கொடுத்துக் கட்சிக்காரரைத் தேடுவதே பார் கவுன்சில் விதி 36-இன்படி வக்கீலுக்குக் கூடாது. இணையதளங்கள் வழியாக வக்கீல்கள் இப்படிக் கேஸ் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

ஒரு வக்கீலிடம் பேசும்போது, எந்தப் பிரிவில் கேஸ் நிற்கும் என்று நீயே கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு. 66ஏ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. 2012-இல் புதுச்சேரியில் ட்விட்டரில் எழுதியதற்காக ஒரு வியாபாரியைக் கைது செய்தது அந்தப் பிரிவில்தான். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அப்புறமும் அதில் கேஸ் போட்டுக்கொண்டே இருந்ததால், யார் மேலும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இன்று காலை, எங்கள் ஆபீஸில் ஜூனியராக இருந்து இப்போது தனியாகத் தொழில் செய்யும் ஒரு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். நான் முழுதும் சொல்லி முடிக்கும் முன்பே, "அண்ணா, அந்தக் கணக்கோட லிங்க் இருக்கா, ஸ்கிரீன்ஷாட் மட்டும்தானா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கியது. அந்தக் கணக்கின் பெயரை அவன் ஒரு நொடியில் மாற்றிவிடுவான், வெறும் படத்தை வைத்துக்கொண்டு போலீஸ் எதைத் தேடும்? லிங்க்கை காப்பி செய்து, பார்த்த தேதி, மணியோடு எழுதிவைக்கச் சொன்னார். வந்த அழைப்புகளின் பட்டியல், மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், போனை ரீசெட் செய்யவே கூடாது என்றார். வெட்கத்தில் பாதியை அழித்துவிட்டாய் என்று அப்பா சொன்னான். போனது போகட்டும், இனி ஒன்றையும் அழிக்காதே.

கணக்கை எடுக்கச் சொல்லி இன்ஸ்டாகிராமுக்குப் புகார் கொடுக்க வக்கீலே வேண்டாம், நீயே கொடுக்கலாம். இதையெல்லாம் சேமித்த கையோடு கொடு. எடுத்த பதிவை விசாரணைக்காக 180 நாள் அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. அதனால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதே.

எழும்பூர் கோர்ட்டில் 2004-இல் நடந்த சுஹாஸ் கட்டி வழக்கைப் பற்றி எங்கள் வக்கீல் அடிக்கடி பேசுவார். விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் அசிங்கமாக எழுதிப் போட்டதால், உனக்கு வருகிற மாதிரியே அவருக்கும் போன்கள் வந்தன. அவர் பிப்ரவரியில் புகார் கொடுத்தார். சென்னைப் போலீஸ் மும்பை போய் ஆளைப் பிடித்து வந்தது, மார்ச் 24-இல் குற்றப்பத்திரிகை, நவம்பர் 5-இல் தீர்ப்பு. இரண்டு வருஷம் கடுங்காவல். 67ஆம் பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று அதைச் சொல்கிறார்கள். மும்பையிலிருந்து கொண்டுவர முடிந்தபோது நகரி எந்த மூலை? மாநில எல்லையைக் காட்டி உன் புகாரை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் ஐ.டி. சட்டக் கேஸை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது, அதை வக்கீல் கவனிக்க வேண்டும்.

அந்த வழக்கில் பிரவுசிங் சென்டர்காரர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். திரையில் இருந்ததை முறையாகப் பதிவெடுத்துச் சான்றிதழ் கொடுத்த நிபுணரும் சாட்சி சொன்னார். கேஸ் நின்றது அதில்தான். இப்போது அந்தச் சான்றிதழ் இல்லாமல் போன் பதிவின் நகலைக் கோர்ட் ஏற்காது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி அது இரண்டு பகுதி. ஒன்றில் நீ கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு நீள எண் உண்டாம், ஹாஷ் வேல்யூ என்கிறார்கள், அதையும் எழுத வேண்டும். இந்தச் சான்றிதழைப் பற்றித் தானாகப் பேசாத வக்கீல் வேறு எதில் கெட்டிக்காரராக இருந்தாலும் உன் கேஸுக்கு ஆக மாட்டார். சென்னையில் பெரிய பெயர் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிரிமினல் பக்கம் பழகி, இதையும் தெரிந்து வைத்திருக்கிற, தினம் நீ போய்ப் பார்க்கக்கூடிய ஆள் போதும்.

ஃபீஸை முதலிலேயே பேசு. புகார் எழுத எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வாங்கு, கொடுத்ததற்கு ரசீது கேள். வக்கீல் சரியாக வேலை செய்யவில்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும். வெற்றுத் தாளிலோ, நிரப்பாத வக்காலத்திலோ கையெழுத்துப் போடாதே. ஒரிஜினல் எதையும் கொடுத்துவிட்டுச் சும்மா வராதே. என் கண்ணெதிரே ஒரு நிலக் கேஸில், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி ஒரு வக்கீல் எட்டு மாதம் கட்டைத் தரவில்லை. அந்தப் பெரியவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து வராந்தாவில் நின்றுவிட்டுப் போவார். ஃபீஸுக்காகக் கட்சிக்காரர் காகிதத்தைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணம் புரட்ட அப்பா நகையை எடுக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் நம்பர் 15100.

வக்கீலம்மா எந்த வாக்குறுதியும் தரவில்லை. கணக்கைத் திறந்தது யார் என்று கம்பெனியிடமிருந்து பதில் வரவே நாளாகலாம், நிதானமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். சனிக்கிழமை காலை வண்டியில் வா, மணவூர் ஸ்டேஷனில் நிற்கிறேன். இரண்டு பேரும் திருத்தணி போய் அவரைப் பார்ப்போம், அங்கிருந்து சைபர் கிரைம் ஸ்டேஷன். சான்றிதழில் போனின் மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. நம்பர் எல்லாம் எழுத வேண்டுமாம். அந்த நம்பர் போன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும். உன் அம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள், வாங்கி வந்து என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா