விறகைக் கணக்கிடுவோம்

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டை உலர்த்தும் எரிசக்தி விறகே. அது வீணாகின்றதா என்று அறிவது எங்ஙனம்? எரிக்கும் விறகை நிறுப்போம். உலர்ந்த ஷீட்டையும் நிறுப்போம். முன்னதைப் பின்னதால் வகுப்போம். 600 கிலோ விறகால் 500 கிலோ ஷீட் உலர்ந்ததாயின், கிலோ ஒன்றுக்கு 1.2 கிலோ விறகு. அடுத்த முறை இவ்வெண் உயருமாயின் காரணம் தேடுவோம்.

நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகின்றது. ஆதலால் ஷீட்டை மெல்லியதாக உருட்டி, நீர் நன்கு வடிந்த பின்னரே கூடத்தில் ஏற்றுவோம். பச்சை விறகு தன் ஈரத்தைப் போக்கவே வெப்பத்தை இழக்கும்; காய்ந்ததையே எரிப்போம். கதவிடுக்குகளை அடைப்போம், ஆயினும் ஈரக்காற்று வெளியேறக் கூரைத் துவாரம் வேண்டும்.

தீயைக் கூட்டி அவசரப்படுத்தலாகாது. வெப்பம் 60 டிகிரி செல்சியசை வெகுவாக மிஞ்சினால் ஷீட்டில் கொப்புளம் எழும், தரம் தாழும், விலையும் குறையும். விறகும் போய் உழைப்பும் வீணாகாதிருக்க, அளந்து எரிப்போம்.