கற்றுக்கொள்வோம்: போனை ரீசெட் செய்வதற்கு முன்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசுகிறோம். இப்போது போனைப் பற்றியும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. கூட்டத்தின் போட்டோ, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, கடன் தவணைக் குறிப்பு, உறுப்பினர்களின் நம்பர் எல்லாமே அந்தக் கையகலப் பெட்டிக்குள் இருக்கிறது. அது பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? தொலைந்துபோனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே அதை எப்படித் துடைப்பது? இதுதான் இந்த மாதப் பாடம். ஆலங்காயம் வட்டாரத்தில் நாங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம்.

நடந்தது என்ன?

ஜவ்வாது மலைமேல் உள்ள ஒரு குழு. பன்னிரண்டு உறுப்பினர்கள். அந்தக் குழுவின் பிரதிநிதி ஒருநாள் எங்களுக்கு வேறு ஒருவர் போனிலிருந்து பேசினார்.

"மேடம், போன் தொறக்கவே மாட்டேங்குது. பையன் கேம் வெளையாடுறேன்னு பேட்டர்ன மாத்திட்டான். இப்ப அவனுக்கே ஞாபகம் இல்லன்றான். இன்னா பண்றது?"

நாங்கள் அப்போது வேறு ஊர்க் கூட்டத்தில் இருந்தோம். அவசரத்தில், "கடையில கொடுத்து ரீசெட் போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டோம். தவறு அங்கேயே தொடங்கியது. அது எங்கள் தவறு.

அவர் பஸ் பிடித்து மலையிறங்கி ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். அரை மணி நேரம், 400 ரூபாய். போன் திறந்தது. ஆனால் உள்ளே ஒரு போட்டோகூட இல்லை, ஒரு நம்பர்கூட இல்லை. அதோடு நிற்கவில்லை. "இந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு" என்று கேட்டு நின்றுவிட்டது. அவருக்கோ கூகுள் கணக்கு என்றால் என்னவென்றே தெரியாது. போன் வாங்கிய அன்று, விற்ற கடையில் இருந்த பையனே ஒரு மெயில் முகவரி போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை. போன் செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

பெரிய சங்கடம் அடுத்த கூட்டத்தில் வந்தது. மூன்று மாதமாகச் சேமிப்பு வசூலையும் உள்கடன் வசூலையும் நோட்டில் எழுதாமல் போனிலேயே குறித்து வைத்திருந்தார்கள். "போனு போச்சுன்னா கணக்கும் போச்சா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மற்றவர்கள் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அந்தச் சகோதரியை அதிகம் சுட்டது.

பிறகு நாங்களும் கூட்டமைப்புப் பொறுப்பாளர்களும் போய் உட்கார்ந்தோம். பன்னிரண்டு பேரின் தனிநபர் பாஸ்புத்தகம், குழுவின் வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து இரண்டு நாள் மாலையில் கணக்கைத் திரும்ப எழுதினோம். ஒரு ரூபாய் குறையவில்லை. போனையும், வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, அடையாள அட்டையோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிய பிறகு திறந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டு வாரம் அவர் பட்ட அவமானத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

ரீசெட் என்றால் என்ன?

போனை நிறுத்தித் திரும்பப் போடுவது வேறு, ரீசெட் வேறு. நிறுத்திப் போட்டால் எதுவும் அழியாது. ரீசெட் என்பது, போன் கடையிலிருந்து வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவது. வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது மாதிரி. சுவர் இருக்கும், சாமான் இருக்காது.

எது போகும்? போனில் உள்ள போட்டோ, வீடியோ, செயலிகள், போனில் மட்டும் பதிந்த நம்பர்கள், வாட்ஸ்அப் செய்திகள். செயலியில் பதிந்து இன்னும் ஆன்லைனில் ஏற்றாத குழுப் பதிவுகளும் போய்விடும்.

எது போகாது? சிம் கார்டில் உள்ள நம்பர்கள், கூகுள் கணக்கில் ஏற்கெனவே ஏறிய நம்பர்களும் போட்டோக்களும், வங்கியில் உள்ள பணம். பணம் அனுப்பும் செயலி அழிந்தால் பணம் அழியாது. அதே சிம்மைப் போட்டு மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். பதிவின்போது சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். அதனால் ரீசார்ஜ் இருக்க வேண்டும்.

துடைத்த பிறகும் ஏன் பழைய கணக்கைக் கேட்கிறது?

இது திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு. முன்பெல்லாம் திருடிய போனைத் துடைத்துவிட்டுப் புதுசு மாதிரி விற்றுவிடுவார்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், பூட்டியிருந்த போனைத் துடைத்தாலும் பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கைக் கேட்கும்படி செய்தார்கள். நல்ல காவல் நாய்தான். ஆனால் சொந்தக்காரர் யார் என்று அதற்கு நாம் சரியாகச் சொல்லி வைக்கவில்லை என்றால் நம்மையே கடிக்கும்.

ஆகவே சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் போனில் 'செட்டிங்ஸ்' திறந்து 'அக்கவுண்ட்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் மெயில் முகவரி யாருடையது? உங்களுடையதா, கடைக்காரருடையதா, வெளியூரில் வேலை செய்யும் கொழுந்தனாருடையதா? நம்ம காவலூரில் எட்டாத நட்சத்திரத்தையே தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறார்கள். நம் கையில் உள்ள போன் யார் கணக்கில் இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

வேறு ஒருவருடைய கணக்கு இருந்தால் பதற வேண்டாம். முதலில் நம்பர்களை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பிறகு உங்கள் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைச் சேருங்கள். நம்பர்கள் புதுக் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழைய கணக்கை நீக்குங்கள்.

முன்கூட்டியே: கேபிள் போட்டு நகல் எடுப்பது

பூட்டிய போனைக் கேபிளில் மாட்டினால் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது தெரியாது. திறந்த போனில்தான் நகல் எடுக்க முடியும். அதனால் போன் நன்றாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை, கூட்டமைப்பு அலுவலகம் வரும் நாளில் இதைச் செய்யுங்கள்.

1. கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். சில கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.
2. போனைத் திறங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் யுஎஸ்பி பற்றிய அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.
3. கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரியும். கேமரா போட்டோக்கள் 'டிசிஐஎம்' என்ற உறையில் இருக்கும். இறக்கிய கோப்புகள் 'டவுன்லோடு' உறையில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் பெரும்பாலும் 'ஆண்ட்ராய்டு' உறைக்குள் 'மீடியா' என்ற உறையில் இருக்கும்.
4. உங்கள் குழுவின் பெயரும் மாதமும் போட்டு ஒரு உறை உருவாக்கி, அதில் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு படத்தைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

சொந்தப் படங்களைப் பொதுக் கம்ப்யூட்டரில் விட்டு வைக்க வேண்டாம். குழு சம்பந்தப்பட்டது மட்டும் போதும்.

கம்ப்யூட்டர் வழியாகத் துடைப்பது எப்படி?

போன் தொலைந்தாலும், கையில் இருந்து பூட்டிக்கொண்டாலும் இந்த வழி பயன்படும். போனில் கூகுள் கணக்கு இருக்க வேண்டும், போன் ஆன் ஆகி இருக்க வேண்டும், இன்டர்நெட் கிடைக்க வேண்டும்.

1. நம்பிக்கையான கம்ப்யூட்டரில் 'ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட்' என்ற முகவரிக்குப் போகவும். முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று இருந்ததற்கு 2025-ல் 'ஃபைண்ட் ஹப்' என்று பெயர் மாற்றினார்கள்.
2. போனில் உள்ள அதே கூகுள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுக்கவும்.
3. உங்கள் போனின் பெயர் தெரியும். அதில் மூன்று வசதிகள் முக்கியம். ஒலி எழுப்புவது, பூட்டுவது, அழிப்பது.
4. முதலில் ஒலி எழுப்பிப் பாருங்கள். சைலண்டில் இருந்தாலும் மணி அடிக்கும். அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த போன்கூட இப்படிக் கிடைத்திருக்கிறது.
5. கிடைக்கவில்லை என்றால் பூட்டுங்கள். "இந்த நம்பருக்குப் பேசவும்" என்று திரையில் ஒரு செய்தியும் காட்டலாம்.
6. இனி கிடைக்காது என்று தெரிந்தால், அல்லது கையில் உள்ள போனைத் திறக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அழிக்கவும். அழித்த பிறகு போன் எங்கே இருக்கிறது என்று இதில் பார்க்க முடியாது.

மலைமேல் பல இடத்தில் சிக்னல் இருக்காது. பரவாயில்லை. போன் எப்போது இன்டர்நெட்டில் சேர்கிறதோ அப்போது கட்டளை போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் 'சைன் அவுட்' செய்ய மறக்காதீர்கள். "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியிருந்தால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்வது நல்லது.

ஒரு சிக்கல்: ஓடிபி தொலைந்த போனுக்கே போகிறது!

இரட்டைப் பூட்டு போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். அதற்கு முன்பே இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒன்று, கூகுள் கணக்கில் 'பேக்கப் கோடு' என்று பத்து எண்கள் தருவார்கள். அதை எழுதி நகையும் பத்திரமும் வைக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு, ஆண்ட்ராய்டு 10 மற்றும் அதற்கு மேற்பட்ட போன்களில் 'ரிமோட் லாக்' வசதி உண்டு. அதை முன்பே ஆன் செய்து வைத்தால், 'ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக்' என்ற முகவரியில் போன் நம்பரைக் கொடுத்துப் பூட்டிவிடலாம்.

தொலைந்தால் எந்த வரிசையில் செய்வது?

வரிசை முக்கியம். சிம்மை முதலில் நிறுத்திவிட்டால் போனுக்கு இன்டர்நெட் போய்விடும். நாம் அனுப்பும் பூட்டு அதற்குப் போய்ச் சேராது.

1. உடனே கம்ப்யூட்டரிலோ பக்கத்து வீட்டுப் போனிலோ பூட்டுங்கள் அல்லது அழியுங்கள்.
2. தாமதிக்காமல் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிக்கும் தகவல் கொடுங்கள்.
3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள்.
4. மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்குங்கள். பிறகு எந்த சிம் போட்டாலும் நம் நாட்டில் அந்தப் போன் பேசாது. போன் கிடைத்துவிட்டால் அங்கேயே முடக்கத்தை நீக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஐஎம்இஐ எண் தெரிய *#06# என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும். இரண்டையும் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

ஏமாற வேண்டாம்

"பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேர்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாத சாஃப்ட்வேரை நம் போனில் ஏற்றினால் நம் ரகசியம் அவர்கள் கைக்குப் போகலாம். இன்டர்நெட்டில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" நம்பர்களிலும் போலி உண்டு. ஓடிபி, பின் நம்பர் எதையும் யாருக்கும் சொல்லக் கூடாது. கடையில் கொடுப்பதாக இருந்தால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு, "உள்ளே இருப்பது அழியுமா?" என்று கேட்ட பிறகே சரி சொல்லுங்கள்.

பொறுப்பு மாறும்போது

ஊக்குநர், பிரதிநிதி மாறும்போது குழுப் போனும் கை மாறும். பழையவர் தன் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புதியவர் கதவுக்கு வெளியே நிற்பார்.

குழுவில் கலந்து பேசுங்கள்

- நம் குழுப் போனில் யாருடைய கணக்கு இருக்கிறது? கடவுச்சொல் தெரிந்தவர் யார்?
- இன்று இந்தப் போன் தொலைந்தால் நம் கணக்கில் எந்தெந்த மாதம் தொலையும்?
- போனில் பதிந்ததை நோட்டிலும் எழுதுவது என்று தீர்மானம் போடலாமா?

மேலே சொன்ன குழு இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் தீர்மானம் எழுதியது. இப்போது கூட்டம் முடிவதற்குள் நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தச் சகோதரியே இன்னும் பிரதிநிதியாக இருக்கிறார். புதிதாகப் போன் வாங்கும் உறுப்பினர்களோடு கடைக்கும் அவரே துணைக்குப் போகிறார். "கணக்கு உங்க பேர்லயே போடச் சொல்லுங்கக்கா" என்று முதலில் சொல்வதும் அவர்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போனையும், சார்ஜ் கேபிளையும், ஒரு நோட்டையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து செய்து பார்ப்போம்.