வண்டி நிறுத்தும் தொல்லை: மனு யாருக்குப் போக வேண்டும்?

கடை வாசலை மறித்து ஒரு லோடு லாரி அரை நாள் நின்றால், வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். விருதுநகர் பஜாரிலும், தீபாவளிச் சரக்கு ஏறும் மாதங்களில் சிவகாசித் தெருக்களிலும் நாம் அன்றாடம் காண்பது இது. வியாபாரம் குறைவது ஒரு நஷ்டம். பட்டாசும் தீப்பெட்டியும் காகிதமும் குவிந்துள்ள ஊரில் தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாமற் போனால், அது உயிருக்கே ஆபத்து.

"மனு கொடுத்தோம், பலனில்லை" என்று அங்கத்தினர் பலர் சொல்கிறார்கள். உரிய அதிகாரியிடம் போகாத மனு மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே தொல்லையை முதலில் வகை பிரித்துக் கொள்வோம்.

1. இப்போது மறித்து நிற்கும் வண்டி

இது காவல்துறையின் வேலை. தொலைபேசி 100 அல்லது 112. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127-ன்படி, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் ஆளில்லாமல் 10 மணி நேரமோ அதற்கு மேலோ விடப்பட்ட வண்டியையும் அப்புறப்படுத்தச் சீருடையிலுள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். பொதுவழியை மறிப்பதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் அபராதம் ரூ.200 வரைதான். 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 285-ன்படி ரூ.5,000 வரை விதிக்கலாம்.

2. நிறுத்த இடமே குறிக்கப்படாத தெரு

இதற்குக் காவலரைக் கோபித்துப் பயனில்லை. நிறுத்துமிடங்களை உள்ளாட்சியைக் கலந்து நிர்ணயிக்கும் அதிகாரம் அதே சட்டத்தின் பிரிவு 117-ல் அரசுக்கும், அரசு அதிகாரமளித்தவருக்கும் உள்ளது. விருதுநகரில் நகராட்சி ஆணையருக்கும், 2021-ல் மாநகராட்சியான சிவகாசியில் மாநகராட்சி ஆணையருக்கும் மனு எழுதி, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். சரக்கு ஏற்றி இறக்க ஏற்ற நேரத்தையும் இடத்தையும் நாமே யோசனையாக எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகும்.

3. ஆக்கிரமிப்பால் குறுகிய சாலை

சாலை யாருடையது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஊர்த் தெரு என்றால் ஆணையர். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத்துறைப் பொறியாளர். விருதுநகரை ஒட்டிச் செல்லும் மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.

4. எத்தனை மனுவுக்கும் தீராத இடைஞ்சல்

பொதுவழித் தடையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ல் உட்கோட்ட நடுவருக்கு, அதாவது கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டருக்கு, உண்டு.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரே விஷயம் இருக்கட்டும். தெருவின் பெயர், எந்தக் கதவு எண் முதல் எதுவரை, எந்தெந்தத் தேதி, எத்தனை மணி, வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துப் புகைப்படம் இணையுங்கள். "எப்போதும் நெரிசல்" என்ற ஒரு வரியை வைத்து எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுவைக் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம். பதிலே வராவிட்டால், மனு எந்த நிலையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. மனுவில் கையெழுத்திடும் கடைக்காரரின் கிட்டங்கி முன்பே லாரி குறுக்கே நின்றால், விசாரிக்க வரும் அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார். நம் சரக்கு வண்டிகளை ஒழுங்கில் வைத்துக்கொண்டு, தெருக்கடைகள் அனைத்தும் சேர்ந்து கையெழுத்திட்டுச் சங்கம் மூலம் கொடுக்கும் மனுவுக்கே வலு அதிகம்.