தாய்மொழியோடு திரும்பியவர்

நைஜீரியா நாட்டின் தென்மேற்கில் அபெயோகுட்டா என்னும் ஊர் உள்ளது. அப்பெயருக்குப் 'பாறையின் கீழ்' என்பது பொருள். போரினால் தம் சிற்றூர்களை இழந்த மக்கள் 1830 அளவில் ஒலுமோ என்னும் பெரும்பாறையின் அடியில் அடைக்கலம் புகுந்து, அவ்வூரை அமைத்தனர். 1846-ஆம் ஆண்டு கிறித்தவ இறைப்பணியாளர் சிலர் அங்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் சாமுவேல் அஜாயி குரோதர். உடன் வந்த ஐரோப்பியருக்கு அது அயல்நாடு. குரோதருக்கோ தம் தாய்மொழி வழங்கும் நிலம்.

குரோதரின் இயற்பெயர் அஜாயி. அவர் ஓசோகுன் என்னும் ஊரில் பிறந்தவர். யொரூபா மொழி பேசும் இனத்தவர். 1821-இல் படையினர் அவ்வூரைத் தாக்கி, மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். அப்போது அஜாயி சிறுவன். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அவன் பலமுறை கைமாறி விற்கப்பட்டான். ஒருமுறை ஒரு குதிரைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டான். இறுதியில் போர்த்துக்கீசியரின் அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822-இல் ஆங்கிலேயக் கடற்படை அக்கப்பலை மறித்து, அதில் இருந்தோரை விடுவித்தது.

விடுவிக்கப்பட்டவர்கள் சியரா லியோனில் உள்ள ஃபிரீடவுன் நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்குப் பல இனத்தவரும் பல மொழியினரும் கலந்து வாழ்ந்தனர். பள்ளியிலும் கோயிலிலும் ஆங்கிலமே வழங்கியது. அஜாயி ஆங்கிலத்தை விரைவாகக் கற்றார். 1825-இல் திருமுழுக்குப் பெற்றுச் சாமுவேல் குரோதர் ஆனார். 1827-இல் தொடங்கப்பெற்ற ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர். 1843-இல் இலண்டனில் குருப்பட்டம் பெற்றார். எனினும், அவர் தாய்மொழியை மறக்கவில்லை. அதே ஆண்டில் அவர் தொகுத்த யொரூபாச் சொற்றொகுதி அச்சாகி வெளிவந்தது.

அபெயோகுட்டாவிற்கு வந்த சில நாள்களில், அருகிலுள்ள ஓர் ஊரில் குரோதரின் தாய் வாழ்வது தெரியவந்தது. செய்தி அறிந்த அன்னை 1846 ஆகஸ்டு 21 அன்று மகனைக் காண வந்தார். பிரிந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுவனாய்ப் பறிகொடுத்த மகன் நடுத்தர வயதினராய் எதிரில் நின்றார். இருவரும் கைகளைப் பற்றியவாறு நெடுநேரம் பேச்சின்றி நின்றனர். பின்பு பேசத் தொடங்கியபோது, தாய்க்கும் மகனுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

அவ்வூர் மக்களுக்குப் புரியும் மொழியிலேயே வழிபாடு நிகழ வேண்டும் என்று குரோதர் கருதினார். ஆனால், யொரூபாவை எழுத்தில் வடிப்பது எளிதன்று. 'ஒக்கோ' என்னும் சொல் குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கணவன், மண்வெட்டி, ஈட்டி என வெவ்வேறு பொருள் தரும். ஆகவே, அவ்வேறுபாட்டைக் காட்ட எழுத்துகளின்மேல் குறிகளை இட்டார். முதியோர் பேச்சைக் கூர்ந்து கேட்டார், பழமொழிகளைத் திரட்டினார், சொற்களின் பொருளை அறிய மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்தார். அவரும் பிறரும் இணைந்து மேற்கொண்ட யொரூபா விவிலிய மொழிபெயர்ப்பு 1880-களில் நிறைவுற்றது.

1864-இல் குரோதர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். 1891-இல் லேகோஸ் நகரில் மறைந்தார். அயல்மொழிக் கல்வி அவருக்கு உலகைக் காட்டியது. தாய்மொழியோ அவரை அன்னையிடமும் தம் மக்களிடமும் மீண்டும் சேர்த்தது.

சொற்பொருள்
அடைக்கலம் – பாதுகாப்பான புகலிடம்
ஈடாக – பதிலாக
திருமுழுக்கு – கிறித்தவ சமயத்தில் சேர்வதற்கான நீர்ச்சடங்கு
திரட்டினார் – ஒன்றுசேர்த்தார்

வினாக்கள்
1. அபெயோகுட்டா என்னும் பெயரின் பொருள் யாது? அப்பெயர் அவ்வூருக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. யொரூபா மொழியை எழுதுவதில் இருந்த இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. குரோதர் தாய்மொழியை மறந்திருந்தால், அன்னையைக் கண்ட நாள் எவ்வாறு அமைந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு
உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் ஒரு தமிழ்ப் பழமொழியைக் கேட்டறிந்து, அதனையும் அதன் பொருளையும் குறிப்பேட்டில் எழுதி வருக.