இழுத்தால் போதுமா?

டிராக்டர் உழுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. பின்னால் டிரெய்லரைப் பூட்டினால் அதுவே பார வண்டி ஆகிவிடும். நெல், கரும்பு, செங்கல், எரு எல்லாம் அதில் போகின்றன. வட மாநிலங்களில் டிரெய்லரை டிராலி என்கிறார்கள்.

டிரெய்லர் வாங்கும்போது பலரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "நம் டிராக்டர் இதை இழுக்குமா?"

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "நம் டிராக்டர் இதை நிறுத்துமா?"

உயிரைக் காப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

எடைக் கணக்கு

டிராக்டரைப் போலவே டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். அதன் ஆர்.சி.யை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று பாரத்துடன் சேர்ந்த மொத்த எடை. மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள். மீதிதான் ஏற்றக்கூடிய பாரம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மொத்த எடை 6,000 கிலோ. வெறும் வண்டி 1,500 கிலோ. மீதி 4,500 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆகவே 90 மூட்டைகள் ஏற்றலாம்.

இழுக்கும் டிராக்டரின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருவது அதைப் போல 3 மடங்கு கனம். சமதரையில் இது தெரியாது. சரிவில் தெரியும்.

பாரம் ஏற்றும் இடத்தில் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு.

"அண்ணே, இன்னும் நாற்பது மூட்டை ஏத்திக்கலாமே. ஒரு நடை மிச்சம். டிராக்டர் இழுத்துடும்."

"இழுத்துடும் தம்பி. பாலத்துச் சரிவுல யாரு நிறுத்துறது?"

அண்ணன் சொன்னதுதான் சரி. 40 மூட்டை என்றால் 2,000 கிலோ, அதாவது 2 டன். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். 2 டன் அதிகமானால் மொத்தம் 24,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் பல நடைக் கூலி போய்விடும்.

எந்த டிரெய்லர் வாங்கலாம்?

இரண்டு சக்கர டிரெய்லரின் முன்பாரம் டிராக்டரின் கொக்கியில் உட்காரும். இதைப் பின்னால் எடுப்பது சுலபம். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். ஆனால் பின்னால் எடுக்க நல்ல பழக்கம் வேண்டும்.

எதை வாங்கினாலும் பிரேக் உள்ளதா என்று பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரின் முழுப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக்தான் தாங்க வேண்டும். பழைய டிரெய்லர் என்றால் அச்சு, டயர், தரைத் தகடு, கொக்கி வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். வளையம் தேய்ந்திருந்தால் மாற்றாமல் ஓட்டக்கூடாது. ஆர்.சி.யும் காப்பீடும் விற்பவர் பெயரில் உள்ளனவா என்று படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பாரம் ஏற்றும் முறை

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படித்தான். பின்பாரம் அதிகமானால் கொக்கியை மேலே தூக்கும். அப்போது டிராக்டரின் பின் டயர்களுக்குப் பிடிப்பு குறையும். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும். ஸ்டீயரிங் கேட்காது. ஆகவே பாரத்தைப் பரப்பி ஏற்றுங்கள். அச்சுக்குச் சற்று முன்புறம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

புறப்படும் முன்

கொக்கியில் சரியான பின்னை மாட்டுங்கள். கைக்குக் கிடைத்த கம்பியைச் செருகக்கூடாது. பின்னின் அடியில் கிளிப் போடுங்கள். கிளிப் இல்லாவிட்டால் பள்ளத்தில் குலுங்கும்போது பின் எழும்பிக் கழன்றுவிடும். ஒரு சங்கிலியும் கட்டினால் இன்னும் நல்லது.

டிராக்டரில் இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திருப்பும்போது ஒன்றை மட்டும் மிதிப்போம். சாலையில் அப்படி மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். சாலைக்கு வரும் முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும். அவை இல்லாவிட்டால் இரவில் பின்னால் வருபவருக்கு டிரெய்லர் தெரியாது.

சரிவில் இறங்கும்போது

சரிவு தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடாதீர்கள். கிளட்சையும் மிதிக்காதீர்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும். நியூட்ரலில் விட்டால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அந்த நேரத்தில் வளைவும் வந்தால் டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் சுமார் 4 மடங்காகும். இதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

ஆட்களை ஏற்றலாமா?

கூடாது. டிரெய்லர் பாரத்துக்கான வண்டி. அதில் இருக்கை இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் அதன் அடியில் சிக்கிக்கொள்வார்கள்.

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே ஒரு டிராக்டர் டிராலி குளத்தில் கவிழ்ந்தது. கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் அதில் இருந்தார்கள். 25க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் மாவட்டத்திலும் இப்படி நடந்தது. கங்கையில் நீராடச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அவர்கள் ஏன் டிராலியில் ஏறினார்கள்? அது ஊரிலேயே இருந்தது. செலவும் குறைவு. நம் ஊரிலும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இப்படித்தான் போகிறோம். விவசாய வேலைக்கு என்று எடுத்த காப்பீட்டில், ஏறி வந்தவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். போன உயிரோ எந்தப் பணத்தாலும் திரும்பாது.

டிராக்டரின் மட்கார்டில் குழந்தையை உட்கார வைப்பதும் ஆபத்துதான். அங்கிருந்து விழும் குழந்தை பெரிய சக்கரத்தின் கீழேதான் விழும். அடுத்த திருவிழாவுக்கு ஊரார் சேர்ந்து பணம் போட்டு ஒரு பஸ் பேசிக்கொள்ளலாம். செலவைப் பங்கிட்டால் ஒருவருக்கு அதிகம் வராது.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்:

1. ஒரு டிரெய்லரின் மொத்த எடை 5,000 கிலோ. வெறும் வண்டி எடை 1,200 கிலோ. எத்தனை கிலோ பாரம் ஏற்றலாம்? அது எத்தனை சிமெண்ட் மூட்டை?

2. சரிவில் நியூட்ரலில் ஏன் விடக்கூடாது?

3. உங்கள் ஊர் டிரெய்லர்களில் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் உள்ளனவா? இன்று மாலையே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் வண்டிக்காரரிடம் பேசுங்கள்.