ஆய்வுக் கட்டுரையில் உங்கள் குரல் எவ்வளவு ஓங்கலாம்?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அறை எடுத்துத் தங்கி, கென்ட் ரிட்ஜுக்கோ நன்யாங்குக்கோ போய்வரும் ஆய்வு மாணவரா நீங்கள்? இலக்கணப் பிழையே இல்லாத கட்டுரைகூட ‘முடிவு மிகையாக இருக்கிறது’ என்றோ ‘இதில் உங்கள் கருத்து எங்கே?’ என்றோ குறிப்பெழுதப்பட்டுத் திரும்பி வருவதுண்டு. இரண்டு குறிப்புக்கும் காரணம் ஒன்றுதான். எதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், எதற்கு நீங்களே பொறுப்பேற்கிறீர்கள் என்பது எழுத்தில் துலங்கவில்லை. இதையே மொழியியலார் நிலைப்பாடு என்கிறார்கள்.

ஆய்வுகள் காட்டுவது

1997இல் கென் ஹைலண்டும் ஜான் மில்டனும் ஹாங்காங் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை பிரிட்டிஷ் மாணவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். ஹாங்காங் மாணவர்கள் கையாண்ட தயக்கச் சொற்களும் உறுதிச் சொற்களும் சிலவே. கருத்துகளையும் தேவைக்கு மேல் அழுத்திச் சொல்லியிருந்தார்கள்.

1999இல் வெளிவந்த ஆய்வு சிங்கப்பூரிலேயே நடந்தது. ரமோனா டாங்கும் சுகந்தி ஜானும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களின் 27 கட்டுரைகளில் ‘ஐ’, ‘வீ’ போன்ற சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்து, அவற்றை ஆறு வகையாகப் பிரித்தார்கள். ‘நாம் எல்லாரும்’ என்று கூட்டத்தோடு நிற்பது மிக வலுக்குறைந்த வகை. ‘இது என் வாதம்’ என்று புதுக் கருத்தை முன்வைப்பது மிக வலுவானது. அந்த வலுவான இடத்துக்கு மாணவர்கள் அரிதாகவே வந்தார்கள்.

தமிழர்களான நமக்கும் இந்தக் கூச்சம் உண்டு. தொல்காப்பியரே பல விதிகளைப் புலவர்கள் சொன்னதாகத்தான் தருகிறார். முன்னோரை மதிக்கும் அந்தப் பண்பை விட வேண்டாம். ஆனால் தேர்வாளர் தேடுவது நீங்கள் புதிதாகச் சேர்த்ததை. ஆங்கிலம் தாய்மொழியானவருக்கும் இப்படி எழுதும் திறன் பிறவியிலேயே வருவதில்லை. அவரும் படித்து, திருத்தி, பழகித்தான் எழுதுகிறார்.

என்ன செய்யலாம்?

1. வினைச்சொல்லைச் சான்றோடு பொருத்துங்கள். ஒரே ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் இரண்டு மாதம் வெப்பத்தை அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘மொட்டைமாடித் தோட்டம் கட்டடச் சூட்டைக் குறைக்கும் என்று இந்த ஆய்வு நிரூபிக்கிறது’ என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். ‘அளந்த இரண்டு மாதங்களில் இந்தக் கட்டடத்தின் மேல்தளச் சூடு குறைந்தது, தோட்டம் இதற்குக் காரணமாக இருக்கலாம்’ என்றால் அவர் மறுக்க இடமில்லை. ஆங்கிலத்தில் ‘ப்ரூவ்’ இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ‘சஜெஸ்ட்’ போதும்.

2. ஒரு கருத்துக்கு ஒரு தயக்கச் சொல் போதும். ‘மே’, ‘பாசிப்லி’, ‘சீம்’ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் உங்களுக்கே நம்பிக்கையில்லை என்று படும்.

3. ‘ஆப்வியஸ்லி’, ‘அண்டவுட்டட்லி’ இரண்டையும் நீக்குங்கள். சான்று வலுவாக இருந்தால் அவை தேவையில்லை. இல்லாவிட்டால் அவை காப்பாற்றப் போவதுமில்லை.

4. ‘ஐ ஆர்க்யூ’ என்று எழுதத் துணியுங்கள். முன்னுரையின் முடிவிலும் விவாதப் பகுதியிலும் அதற்கு இடமுண்டு. எத்தனை முறை என்பது துறையைப் பொறுத்தது. தத்துவம், சமூகவியல் போன்ற துறைகளில் எழுத்தாளர் வெளிப்படையாகத் தோன்றுவார். பொறியியலில் பெரும்பாலும் பின்னால் நிற்பார். நீங்கள் அனுப்பவிருக்கும் ஆய்விதழில் அண்மையில் வந்த ஐந்து கட்டுரைகளை எடுத்து, ‘ஐ’யும் ‘வீ’யும் எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பொது விதிகளைவிட அந்தப் பட்டியல் நம்பகமான வழிகாட்டி.

5. பிறர் கருத்தைச் சொன்னதும் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். ஐந்து பேரை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவாதீர்கள். யாரோடு உடன்படுகிறீர்கள், எந்த அளவுக்கு, ஏன் என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். திட்ட அறிக்கையில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதுபவரின் பேச்சுக்குத்தான் கூட்டத்தில் மதிப்பு.

அடுத்த வரைவை மேற்பார்வையாளருக்கு அனுப்புமுன் விவாதப் பகுதியை மட்டும் அச்செடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் வினைச்சொல்லுக்கும் கோடிட்டு, ‘இதற்கு என்னிடம் என்ன சான்று?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். சான்று இல்லாத இடத்தில் குரலைத் தணியுங்கள். இருக்கும் இடத்தில் தயங்காமல் உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.