சாயங்காலத்தை டாக்டரிடம் கொண்டுபோவது எப்படி

காலை ஒன்பது மணிக்கு என்னைப் பார்க்கிறவர்களிடம் எனக்கு நோய் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மதியத்துக்கு மேல் வலது இமை இறங்க ஆரம்பிக்கும். கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் நானே எழுதிய ஒரு வரி எனக்கே இரண்டு வரியாகத் தெரியும். குரல் மூக்கில் போய் நிற்கும். இரவு சப்பாத்தியை மெல்லத் தாடையைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். சரியான அந்த நேரத்தில்தான் ஓ.பி.யில் டோக்கன் கிடைக்கும்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பு சொல்லும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடங்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை ஓய்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் மீளும். நிறையப் பேசினால் பேச்சே நின்றுபோகும் ஒரு பெண்ணைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 150 முதல் 250 பேருக்குத்தான் இது இருக்கும். நம் தெரு டாக்டர் தன் அனுபவத்தில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். எனக்கு நோயின் பெயர் தெரிய 14 மாதம் ஆனது. அதற்குள் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன், தைராய்டு பார்த்தேன், "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்ற கேள்விக்கு மூன்று இடங்களில் பதில் சொன்னேன். இன்று புதிதாக இந்த நோயோடு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு அரிய நோய் உள்ளவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

செய்ய வேண்டியவை

சாயங்காலத்தைப் படம் பிடியுங்கள். இதைவிடப் பெரிய உதவி எனக்கு எதுவும் செய்யவில்லை. ஒருநாள் இரவு எட்டு மணிக்கு என் கணவர் என்னைச் சுவருக்கு எதிரே உட்கார வைத்து, காலண்டரின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். செல்போனில் ஒரு நிமிடம். முதலில் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. பிறகு வலது இமை மெதுவாக, கடை ஷட்டரை யாரோ இறக்குவதுபோல இறங்குகிறது. அடுத்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். இரண்டாவது பத்தியில் குரல் மாறுவது தெளிவாகக் கேட்கிறது. நரம்பியல் மருத்துவர் அந்தப் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கையுறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, மூடிய இமையின்மேல் இரண்டு நிமிடம் வைக்கச் சொன்னார். எடுத்ததும் கண் திறந்தது. குளிர்ந்தால் இந்த நோயில் இமை சற்று நேரம் மேலேறும். அது ஒரு சோதனை. அவர் அருகில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. 14 மாதத்தில் என் கண்ணை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்.

படத்தில் தேதியும் நேரமும் தெரியட்டும். அதே முகத்தைக் காலையில் எடுத்த படம் ஒன்றும் கூட இருக்கட்டும்.

கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பைரிடோஸ்டிக்மின் போட்ட அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். எட்டு மணி மாத்திரையோடு ஒன்பது மணிக்குப் பார்க்கும் கையும், பன்னிரண்டு மணிக்குப் பார்க்கும் கையும் ஒன்றல்ல. அதற்காக, டாக்டருக்கு நோயைக் காட்டுவதற்கென்று நீங்களாக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். கனமான ஃபைலைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. என் தாளில் இருப்பவை: நோயின் பெயர், கண்டுபிடித்த மாதம், எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை முடிவு, நெஞ்சு சி.டி. ஸ்கேன் முடிவு, இப்போதைய மருந்தும் நேரமும், தவிர்க்க வேண்டிய மருந்துகள், என் நரம்பியல் மருத்துவரின் எண். மேலே, திருத்திய தேதி. ஒரு நகல் கைப்பையில், ஒன்று பள்ளி மேசை இழுப்பறையில், ஒன்று செல்போன் உறைக்குள் மடித்து.

ஒவ்வொரு பரிசோதனையும் எதற்கு என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் வராவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோய் கண்ணோடு மட்டும் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது வராமலே போகும். நெஞ்சை ஸ்கேன் செய்யச் சொல்வதற்குக் காரணம் தைமஸ் சுரப்பி. பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ அதில் கட்டி இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கினால் முதல் இரண்டு வாரத்தில் நிலைமை தற்காலிகமாக மோசமாகலாம் என்பதையும், அசாதியோப்ரின் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால், 'மருந்து கேட்கவில்லை' என்று பாதியில் ஓட மாட்டோம்.

எழுந்திருக்குமுன் ஒரு கேள்வி: "அடுத்த தடவை வர்றதுக்குள்ள மோசமானா யாரைக் கூப்பிடணும் டாக்டர்?" வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். தொலைவழி மருத்துவத்துக்கு இந்தியாவில் 2020 மார்ச் முதல் முறையான வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. எந்த எண், எந்த நேரம், குறுஞ்செய்தியா அழைப்பா என்று அவர் சொன்னதை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளூர் டாக்டரை விட்டுவிடாதீர்கள். சளி, காய்ச்சல், சர்க்கரை எல்லாவற்றுக்கும் அவர்தான். என் நோயைப் பற்றி நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்ல வேளை கொண்டுவந்தீங்க டீச்சர்" என்றார்.

செய்யக்கூடாதவை

"நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் யார் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டாலும் வாயில் வருவது அதுதான். பெரியவர்கள் முன்னால் குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை அவருக்குத் தவறான தகவலாகப் போய்ச் சேர்கிறது. வேலையை வைத்துச் சொல்லுங்கள். தலை பின்னி முடிப்பதற்குள் கை எத்தனை முறை கீழே இறங்குகிறது? தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுகிறதா? மூன்றாவது இட்லிக்குத் தாடை ஓய்ந்துவிடுகிறதா? "சோர்வா இருக்கு" என்றால் இரத்தச்சோகை மாத்திரை வரும். "துணி காயப்போடும்போது நாலாவது துணிக்குக் கை தூக்க முடியல" என்றால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

கூட வந்தவர் முழுவதும் பேச இடம் கொடுக்காதீர்கள். அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் குரல் பேசப் பேச மாறுவதும் ஒரு அறிகுறி. அதை டாக்டர் காதால் கேட்க வேண்டும். குரல் நின்ற பிறகு அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

விட்டுப்போன மாத்திரையையும் கூடவே சாப்பிடும் லேகியத்தையும் மறைக்காதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை. மறைத்தால் டாக்டர், இல்லாத ஒன்றுக்கு அளவைக் கூட்டுவார். ஸ்டீராய்டை முகம் உப்புகிறது என்று திடீரென நிறுத்துவது பெரிய ஆபத்து.

தாளைக் காட்டாமல் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். நோய் தெரிந்த அடுத்த ஆண்டு சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலுக்கு ஓரிடத்தில் அமிகாசின் ஊசி போட்டார்கள். என் நோயைச் சொன்னேன். பெயர் யார் காதிலும் நிற்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அன்று இரவு தலை கழுத்தில் நிற்கவில்லை. மார்பில் வந்து விழுந்த தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

அமிகாசின், ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், நரம்பில் ஏற்றும் மக்னீசியம், ப்ரொப்ரனலால், குயினின் ஆகியவை இந்த நோயில் தசையை இன்னும் தளர்த்தக்கூடியவை. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட அந்தப் பட்டியலில் உண்டு. எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வேறு வழியில்லாதபோது கண்காணிப்போடு இவற்றில் சிலவற்றைக் கொடுப்பதும் உண்டு. அந்த முடிவை நோயைத் தெரிந்தவர் எடுக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து அதே தொற்று, வேறு ஊர், இரவு பதினொரு மணி. டூட்டி டாக்டர் சின்னப் பெண். மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். தாளை மேசைமேல் விரித்து, "மேடம், இதுல இருக்கிற மருந்தான்னு மட்டும் பாருங்க. எங்க நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுக் குடுக்கிறீங்களா?" என்றேன். எழுதியதை அடித்தார், போன் போட்டார், வேறு மருந்து எழுதினார். போகும்போது அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். 'உங்களுக்கு இது தெரியாதா' என்று நான் கேட்டிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும்.

மாதத்துக்கு ஒரு டாக்டர் என்று மாறாதீர்கள். ஏறி இறங்கும் நோயை ஒரே கண் தொடர்ந்து பார்த்தால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை, கேட்டதைச் சொல்லிவிடுங்கள். எப்போது மாறலாம்? என் அளவுகோல் இது: அவர் சிரித்துப் பேச வேண்டியதில்லை, நீண்ட நேரம் ஒதுக்க வேண்டியதுகூட இல்லை. கையை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்கிறாரா, மேலே பார்க்கச் சொல்லிக் காத்திருக்கிறாரா, போன முறை எழுதியதைப் பார்க்கிறாரா? மூன்று வருகையிலும் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் வேறிடம் தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் பிரிவுகளில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூச்சு விஷயத்தில் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நல்ல நாளில் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு 40. அது 20-க்குக் கீழே போனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, எச்சிலை விழுங்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த நோயில் அது இறங்குவது கடைசியில்தான். 108-ஐ அழைக்கும்போது மூச்சுத்திணறல், மயஸ்தீனியா நோயாளி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். சாய்ந்து உட்கார்ந்தபடியே போங்கள். பேசக் குரல் இருக்காது; வண்டியில் ஏறியதும் அந்தத் தாளை வந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.